பெருங்குடலில் பைகள் என்று ரிப்போர்ட்: அம்மா எதைத்தான் சாப்பிடுவது?

ஈரமண்:

வணக்கம். அம்மாவுக்கு 66 வயது. மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும் மாறி மாறித் தொல்லை கொடுத்ததால் கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமரா விட்டுக் குடலைப் பார்ப்பது) எடுத்தோம். ரிப்போர்ட்டில், "சிக்மாய்டு பெருங்குடலில் பல டைவர்டிகுலா, அழற்சி இல்லை, பாலிப் இல்லை" என்று இருக்கிறது. சிக்மாய்டு என்பது மலக்குடலுக்குச் சற்று முந்தைய வளைந்த பகுதியாம், டைவர்டிகுலா என்றால் சிறு பைகளாம், பாலிப் என்றால் சதை வளர்ச்சியாம். டாக்டர், "வயதானால் வருவதுதான், நார்ச்சத்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொரு வைத்தியம். "விதை ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது, பைக்குள் போய் உட்கார்ந்து அழுகிவிடும்" என்று சித்தி போனில் மிரட்டுகிறார். அம்மா இப்போது தக்காளியைக்கூட வடிகட்டித்தான் சேர்க்கிறார். பாதி உணவை ஒதுக்கியாயிற்று. மீதியையும் பயந்து பயந்துதான் சாப்பிடுகிறார்.

இது நோயா, இல்லையா? விதை விஷயம் உண்மையா? எதைக் கண்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை:

உடற்கூறியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வைத்தியம் சொல்ல மாட்டேன், அமைப்பை மட்டும் சொல்கிறேன்.

அந்தப் பை எப்படி உண்டாகிறது என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். பெருங்குடல் சுவரில் உள்ளே மெல்லிய சளிச்சவ்வு, அதற்கு வெளியே தசை. சளிச்சவ்வுக்கு இரத்தம் வேண்டுமே! அதற்காகச் சிறு இரத்தக்குழாய்கள் தசையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகின்றன. துளைத்த இடமெல்லாம் சுவரில் பலவீனமான இடம்தான். குடலுக்குள் அழுத்தம் ஏறும்போது சளிச்சவ்வு அந்த வழியாக வெளியே பிதுங்குகிறது. தேய்ந்துபோன சைக்கிள் டயரின் கிழிசலில் ட்யூப் புடைத்துக்கொண்டு நிற்குமே, அந்த மாதிரி. தசை கூட வருவதில்லை. அதனால் பையின் சுவர் மிக மெல்லியது. பெரும்பாலும் 5 முதல் 10 மி.மீ. அளவுதான் இருக்கும். ஒருவருக்கு ஒன்றிரண்டு இருக்கும், இன்னொருவருக்கு வரிசையாக டஜன் கணக்கில் இருக்கும்.

சிக்மாய்டில் ஏன் அதிகம் என்றால், பெருங்குடலிலேயே குறுகலான பகுதி அது. தசை ஒரே அளவுக்கு இறுகினாலும், குழாய் குறுகக் குறுக உள்ளழுத்தம் கூடும். அங்கே வந்து சேர்வதற்குள் மலத்தில் நீரும் வற்றிக் கெட்டியாகிவிடுகிறது. வயது ஏற ஏறச் சுவருக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதமும் விறைத்து, நெகிழும் தன்மையை இழக்கிறது. இளம் வயதிலேயே நிறையப் பைகள் வந்தவர்களில் சிலருக்கு மார்ஃபான், எலர்ஸ்-டான்லாஸ் போன்ற இணைப்புத்திசுக் கோளாறு இருப்பதுண்டு. பரம்பரைக்கும் நல்ல பங்கு உண்டு என்பதை இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மேற்கு நாடுகளில் 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது இருக்கிறது. பெரும்பாலோருக்கு இருப்பதே தெரியாது. வந்த பை மறையாது, மாத்திரை போட்டுச் சுருக்கவும் முடியாது. அதைப் பற்றிக் கவலைப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

இரவுப்பணி_செவிலி:

ஐயா சொன்னதிலிருந்தே தொடர்கிறேன். அறுவை சிகிச்சை வார்டில் வேலை பார்க்கிறேன்.

ஈரமண், அம்மாவின் ரிப்போர்ட்டில் "அழற்சி இல்லை" என்ற வரிதான் முக்கியம். பைகள் சும்மா இருந்தால் அது டைவர்டிகுலோசிஸ். அதற்குச் சிகிச்சையே கிடையாது, தேவையும் இல்லை. அதே ஆளுக்கு அவ்வப்போது அடிவயிற்றில் வலி, உப்புசம், மலப்பழக்கத்தில் மாற்றம் என்று தொல்லை இருந்தால் டைவர்டிகுலர் நோய் என்பார்கள். பை வீங்கிப் புண்ணாகிவிட்டால் டைவர்டிகுலைடிஸ், அதுதான் ஆஸ்பத்திரி விவகாரம். பை இருப்பவர்கள் எல்லாருக்கும் அது வராது. கொலோனோஸ்கோபியில் பை தெரிந்தவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தபோது, 100 பேரில் 5 பேருக்கும் குறைவாகத்தான் வந்தது. பழைய புத்தகங்களில் இதைவிடப் பெரிய எண் இருக்கும். நோயோடு வந்தவர்களை மட்டும் எண்ணியதால் வந்த கணக்கு அது.

எதைக் கண்டால் ஓட வேண்டும் என்று கேட்டீர்கள். இடது அடிவயிற்றில் விடாத வலி, விட்டுவிட்டு வரும் பிடிப்பு மாதிரி இருக்காது. மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும், நாளாக நாளாகக் கூடும். காய்ச்சல், குமட்டல், பசியின்மை சேர்ந்துகொள்ளும். அப்படி வருபவர்களை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போதே எனக்கு ஓரளவு தெரிந்துவிடும். லிஃப்ட் வாசலில் சக்கரம் அந்த இடுக்கில் ஏறி இறங்கும் பாருங்கள், அந்தச் சின்னக் குலுக்கலுக்கே முகம் சுருங்கி, கை இடது அடிவயிற்றுக்குப் போய்விடும். வயிறு முழுவதும் பலகை மாதிரி இறுகிவிட்டாலோ, மலத்தில் நிறைய இரத்தம் போனாலோ, மயக்கம் வந்தாலோ, ஒரு நிமிடம்கூட வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று. ஸ்டீராய்டு எடுப்பவர்கள், கீமோ நடப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் காய்ச்சலே இல்லாமல், லேசான வலியோடு வருவார்கள். உள்ளே நிலைமை மோசமாக இருக்கும். அவர்கள் வலி கூடட்டும் என்று காத்திருக்கவே கூடாது.

கூழாங்கல்:

எங்கள் அப்பாவுக்கு வலி வலது பக்கம் வந்தது. எல்லாரும் அப்பெண்டிக்ஸ் என்றே நினைத்தோம். ஸ்கேனில் அப்பெண்டிக்ஸ் நன்றாக இருக்கிறது, பக்கத்தில் பைதான் வீங்கியிருக்கிறது என்றார்கள். இடது பக்கம்தான் வரும் என்று இங்கே எழுதியிருப்பதால் கேட்கிறேன், இது வேறு நோயா?

கரும்பலகை:

வேறு நோய் இல்லை. ஆசிய மக்களிடையே பைகள் வலப்பக்கப் பெருங்குடலில் வருவது மேற்கு நாடுகளைவிட அதிகம். அங்கே வீங்கினால் அறிகுறி அச்சு அசலாக அப்பெண்டிக்ஸ் போலவே இருக்கும். கையால் அமுக்கிப் பார்த்துப் பிரித்துச் சொல்வது கஷ்டம், சி.டி. ஸ்கேன்தான் வழி. வலப்பக்கப் பைகளுக்கு இன்னொரு குணம், இரத்தக்கசிவு அங்கேதான் அதிகம். முன்னே சொன்ன அந்த இரத்தக்குழாய் பையின் மேல் போர்த்தியது போல வளைந்து போகிறது. அதற்கும் குடலின் உள்பக்கத்துக்கும் நடுவே சளிச்சவ்வு மட்டும்தான். குழாய்ச் சுவர் நாள்பட மெலிந்து ஒருநாள் கிழிகிறது.

விதைப்பந்து:

விதை பற்றி யாரும் பேசவில்லையே! அதுதானே கேள்வியே.

விதையும் கொட்டையும் பைக்குள் போய்ச் சிக்கும் என்பது பல காலம் மருத்துவர்களே சொல்லிவந்த அறிவுரை. யாரும் சோதித்துப் பார்க்காமலே சொன்னது. 2008இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. 47,228 ஆண்கள், 18 வருடக் கண்காணிப்பு. கொட்டைகள், சோளம், சோளப்பொரி சாப்பிட்டவர்களுக்கு டைவர்டிகுலைடிஸ் கூடவில்லை. வாரத்துக்கு இரண்டு முறையாவது கொட்டைகளோ சோளப்பொரியோ சாப்பிட்டவர்களுக்குக் குறைவாகக்கூட இருந்தது. ஆகவே தக்காளியை வடிகட்ட வேண்டாம். சித்தியிடம் சொல்லிவிடுங்கள்.

சந்தேகி:

விதையை விடுங்கள். நார்ச்சத்து மட்டும் நிரூபிக்கப்பட்டதா என்ன? எல்லா டாக்டரும் மந்திரம் மாதிரி அதையே சொல்கிறார்கள். 1971இல் பெயின்டரும் பர்கிட்டும் எழுதிய ஒரு கட்டுரையில் ஆரம்பித்தது இது. ஆப்பிரிக்காவில் நார்ச்சத்து அதிகம், பைகள் அபூர்வம்; மேற்கில் நார்ச்சத்து குறைவு, பைகள் அதிகம்; ஆகவே இது நார்ச்சத்துக் குறைபாட்டு நோய் என்று முடித்துவிட்டார்கள். இரண்டு இடத்துக்கும் நடுவே ஆயுட்காலம் முதல் எத்தனையோ வித்தியாசம் இருக்கிறதே! 2012இல் 2,000 பேருக்கும் மேல் கொலோனோஸ்கோபி செய்து பார்த்த ஆய்வில், நார்ச்சத்து அதிகம் சாப்பிட்டவர்களுக்குத்தான் பைகள் அதிகம் இருந்தன. இதற்கு என்ன பதில்?

விதைப்பந்து:

அந்த ஆய்வு பை இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றியது. அந்தப் பை வீங்குமா, ஆளை ஆஸ்பத்திரியில் படுக்க வைக்குமா என்பது வேறு கேள்வி. இங்கிலாந்தில் 47,000 பேரைத் தொடர்ந்து பார்த்து 2011இல் வெளியான ஆய்வில், சைவ உணவுக்காரர்கள் இந்த நோயால் ஆஸ்பத்திரியில் சேர்வதோ இறப்பதோ மற்றவர்களைவிட 31% குறைவு. நார்ச்சத்து கூடக் கூட ஆபத்து குறைந்ததும் அதே ஆய்வில் உண்டு.

சந்தேகி:

சைவம் சாப்பிடுபவர் புகையும் குறைவாகப் பிடிப்பார், உடம்பையும் கவனிப்பார். இது கேள்வித்தாள் கொடுத்து நிரப்பச் சொன்ன ஆய்வு. காரணம் எது என்று சொல்லாது.

விதைப்பந்து:

புகை, எடை எல்லாம் கணக்கில் எடுத்துத்தான் அந்த எண்ணைச் சொல்கிறார்கள். இருந்தாலும் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பை வருவதை நார்ச்சத்து தடுக்கும் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் 66 வயது அம்மாவுக்கு ஏற்கெனவே பை வந்தாயிற்று. இனி அது வீங்காமல் இருக்க வேண்டும், மலச்சிக்கலும் தீர வேண்டும். அதற்கு முழுதானியம், பருப்பு, காய், பழம் சாப்பிடச் சொல்வதில் என்ன நஷ்டம்? பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 கிராம் நார்ச்சத்து என்று சொல்கிறார்கள். நம்மில் பலர் அதில் பாதியைத் தாண்டுவதில்லை. ஒரே நாளில் ஏற்றினால் வாயு பிடித்து வயிறு உருளும், பழி நார்ச்சத்தின் மேல் விழும். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும், தண்ணீரும் கூட வேண்டும்.

மீண்டுவந்தவன்:

நார்ச்சத்து பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எனக்கு டைவர்டிகுலைடிஸ் வந்து, குடலை ஒட்டிச் சீழ்க்கட்டி ஆகி, ஸ்கேன் பார்த்தபடியே வயிற்றுக்குள் குழாய் விட்டுச் சீழை எடுத்தார்கள். டிஸ்சார்ஜ் தாளில் உணவு என்ற இடத்தில் "நார்ச்சத்து மிகுந்த உணவு" என்று ஒரே வரி. எப்போதிலிருந்து என்று இல்லை. வீட்டுக்கு வந்த அன்றே முழுதானியமும் பச்சைக்காயுமாகச் சமைத்து வைத்திருந்தார்கள். இரவெல்லாம் வயிறு பிசைந்து எடுத்தது. மறுவாரம் டயட்டீஷியனைப் பார்த்தபோதுதான் ஒழுங்காக விளக்கினார். வலி இருக்கும் நாட்களில் திரவ உணவு, அடங்க அடங்க நார் குறைந்த மென்மையான உணவு, முழுக்கத் தேறிய பிறகு மெல்ல மெல்ல நார்ச்சத்து. குடல் புண்ணாக இருக்கும்போதும் ஆறிய பிறகும் ஒரே உணவு ஆகாதாம். இந்த நான்கு வரியை அந்தத் தாளிலேயே எழுதியிருக்கக் கூடாதா?

தாமதரயில்:

உங்களுக்காவது கவனித்தார்கள். என் அண்ணனுக்கு ஸ்கேனில் டைவர்டிகுலைடிஸ் என்று உறுதியான பிறகும், ஆன்டிபயாடிக் எதுவும் இல்லாமல் வலி மாத்திரை மட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்! இரண்டு நாளில் வந்து காட்டச் சொன்னார்களாம். அழற்சி என்று தெரிந்தும் மருந்து தராமல் அனுப்புவது அலட்சியம் இல்லையா?

இரவுப்பணி_செவிலி:

அலட்சியம் என்று சொல்ல மாட்டேன் தாமதரயில், இரண்டு நாளில் வரச் சொன்னதே கவனித்திருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம். சீழ், ஓட்டை எதுவும் இல்லாத சாதாரண டைவர்டிகுலைடிஸில் ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் குணமாகும் வேகம் ஒன்றுதான் என்று இரண்டு பெரிய சோதனைகள் காட்டிவிட்டன. ஒன்று ஸ்வீடனிலும் ஐஸ்லாந்திலும் 623 பேரை வைத்து நடந்தது, 2012இல் வெளிவந்தது. இன்னொன்று நெதர்லாந்தில் 528 பேர், 2017. இரண்டிலும் ஸ்கேன் எடுத்து உறுதி செய்தவர்களைத்தான் சேர்த்தார்கள். அந்த ஸ்கேன் இல்லாமல் "நமக்கும் சாதாரணம்தான்" என்று வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளக் கூடாது. காய்ச்சல் அதிகம், நோய் எதிர்ப்புச் சக்தி குறைவு, வேறு பெரிய நோய் இருக்கிறது என்றால் இன்றும் ஆன்டிபயாடிக் உண்டு.

சிக்கலான வகைக்குத்தான் படிப்படியான கணக்கு. 1978இல் ஹின்ச்சி என்பவர் வகுத்த நான்கு படியை இன்னும் பயன்படுத்துகிறோம்: குடலை ஒட்டிய சீழ்க்கட்டி, இடுப்புக்குழியில் சீழ்க்கட்டி, வயிறு முழுக்கச் சீழ், வயிறு முழுக்க மலம். முதல் இரண்டில் கட்டி சிறிதாக இருந்தால் மருந்து, 3, 4 செ.மீ. அளவைத் தாண்டினால் மீண்டுவந்தவனுக்குச் செய்த மாதிரி குழாய். கடைசி இரண்டுக்கு அவசர ஆபரேஷன்.

கூழாங்கல்:

ஆபரேஷன் என்றதும் கேட்கிறேன். இரண்டு முறை வந்துவிட்டால் அந்தக் குடல் பகுதியை வெட்டி எடுத்துவிட வேண்டும் என்கிறார்களே?

இரவுப்பணி_செவிலி:

பழைய விதி அது. வரும் ஒவ்வொரு முறையும் முந்தையதைவிட மோசமாக இருக்கும் என்ற எண்ணத்தில் போட்டது. குடல் ஓட்டையாகும் ஆபத்து பெரும்பாலும் முதல் தடவையில்தான் அதிகம் என்று பின்னால் தெரிந்தது. அதனால் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்வது போய்விட்டது. திரும்பத் திரும்ப வந்து வாழ்க்கையைக் கெடுக்கிறதா, குடல் சுருங்கி அடைபடுகிறதா, பக்கத்து உறுப்போடு வழி உண்டாகிவிட்டதா என்று பார்த்து ஆளுக்கு ஆள் முடிவு செய்கிறார்கள்.

பக்கத்து உறுப்பு என்றால் பெரும்பாலும் சிறுநீர்ப்பை. சிறுநீர் கழிக்கும்போது குமிழ் குமிழாகக் காற்று வருகிறது என்று கூச்சப்பட்டுக்கொண்டு, கடைசியில் தயங்கித் தயங்கிச் சொல்வார்கள். அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும். வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதைக் கேட்டதும் டாக்டருக்குப் பாதிக் கதை புரிந்துவிடும்.

அவசர ஆபரேஷனில் கெட்ட பகுதியை எடுத்துவிட்டு, மேல் முனையை வயிற்றுத் தோல் வழியாக வெளியே வைத்து, மலம் சேர வெளியில் ஒரு பை மாட்டுவது உண்டு. பிரான்ஸின் ஹென்றி ஹார்ட்மன் 1921இல் புற்றுநோய்க்காகச் சொன்ன முறை அது. பிறகு மறுபடி இணைக்கலாம், ஆனால் எல்லாருக்கும் அது கைகூடுவதில்லை. வயதானவர்கள் இன்னொரு ஆபரேஷன் வேண்டாம் என்று பையோடேயே இருந்துவிடுகிறார்கள்.

மீண்டுவந்தவன்:

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு வலி இருந்தபோது கொலோனோஸ்கோபி செய்யவில்லை. காற்று ஊதினால் ஓட்டையாகிவிடும் என்று 6, 8 வாரம் கழித்து வரச் சொன்னார்கள். நன்றாகத்தானே இருக்கிறோம், போவானேன் என்று தோன்றும், போய்விடுங்கள். புற்றுநோயும் ஸ்கேனில் இதே மாதிரி தடித்த சுவராகத் தெரியலாமாம். அண்மையில் கொலோனோஸ்கோபி செய்யாதவர்களுக்கு அது அவசியம் என்றார் டாக்டர்.

ஈரமண்:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. விதை விவகாரத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். சித்தி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அது தனிக்கதை.

அம்மாவுக்கு மூட்டு வலி உண்டு. வலி கூடும் நாட்களில் ஐபுபுரூஃபன் போடுவார், சில வாரம் தினமும். இதய டாக்டர் எழுதிக் கொடுத்த ஆஸ்பிரினும் இருக்கிறது. இதற்கும் குடலுக்கும் சம்பந்தம் உண்டா?

இரவுப்பணி_செவிலி:

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டுமே ஈரமண்! நிறையவே சம்பந்தம் உண்டு. இந்த இழையில் விதைக்குச் செலவழித்த நேரமெல்லாம் இதற்குச் செலவழித்திருக்கலாம்.

ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் பை இருப்பவர்களுக்கு இரத்தக்கசிவையும் ஓட்டையாகும் ஆபத்தையும் கூட்டுகின்றன. ஸ்டீராய்டும், மார்ஃபின் வகை வலி மருந்துகளும் அப்படித்தான். வலிக்குப் பாராசிட்டமால் பரவாயில்லை என்பார்கள். ஆனால் ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது இதயத்துக்காகக் கொடுத்தது. குடல் டாக்டரும் இதய டாக்டரும் பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம். அடுத்த முறை போகும்போது ரிப்போர்ட்டோடு எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும், "அது சும்மா வலி மாத்திரைதான்" என்று முதலில் விட்டுப்போவது இதுதான்.

இரத்தக்கசிவு வந்தால் எப்படித் தெரியும் என்றும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் வலியே இருக்காது. திடீரென்று நிறைய இரத்தம், சிவப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ, கட்டி கட்டியாகவும் போகும். நான்கில் மூன்று பேருக்குத் தானாகவே நின்றுவிடும். அந்த நான்காவது ஆள் யார் என்று வீட்டில் இருந்துகொண்டு சொல்ல முடியாது, அதனால் எல்லாருமே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

சந்தேகி:

புகை, தொப்பை, உட்கார்ந்தே இருப்பது, சிவப்பு இறைச்சி, இவையும் பட்டியலில் உண்டு. இவற்றுக்காவது ஆய்வுகள் ஓரளவு ஒரே திசையில் போகின்றன. நார்ச்சத்தோடு எனக்குத் தகராறு இன்னும் தீரவில்லை.

ஈரமண்:

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். மாத்திரைக் கவரைக் கொட்டிப் பார்த்தவர் ஐபுபுரூஃபனை நிறுத்திவிட்டுப் பாராசிட்டமால் எழுதினார். ஆஸ்பிரின் பற்றி இதய டாக்டரிடம் பேசினார், அது தொடரட்டும் என்று முடிவு. மலச்சிக்கலுக்கு இசப்கோல் உமி தினமும் ஒரு ஸ்பூன். அம்மா இரவு படுக்கப்போகும்போது தைராய்டு மாத்திரையோடு சேர்த்து ஒரே மடக்கில் முடித்துவிடலாமா என்று கேட்கிறார்.

இரவுப்பணி_செவிலி:

வேண்டாம். இசப்கோல் ஊறிக் கூழாகும்போது கூடப் போன மாத்திரையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தைராய்டு மாத்திரை எப்போதும் போலக் காலையில் வெறும் வயிற்றில் இருக்கட்டும், இசப்கோல் அதற்குச் சில மணி நேரம் தள்ளிப் போகட்டும். படுக்கும் நேரத்திலும் குடிக்கக் கூடாது. ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்துவிட வேண்டும், பிறகும் அன்று முழுக்கத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் குறைந்தால் அதுவே உள்ளே அடைத்துக்கொள்ளும். இதய டாக்டர் தண்ணீருக்கு அளவு ஏதாவது சொல்லியிருக்கிறாரா? அப்படி இருந்தால் ஆரம்பிக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.